ஜிப்புக்கு நான் கேரண்டி

பெட்டி, பேக் விற்கிற தொழிலில் சம்பாத்தியம் இரண்டு மாதம்தான். மீதிப் பத்து மாதமும் அந்த இரண்டு மாதத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதே வேலை.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் எங்கள் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் பேக்குகள் வெளியே வரும், நாங்கள் உள்ளே போய் உட்காருவோம். சாயங்காலம் பேக்குகள் உள்ளே போகும், நாங்கள் வெளியே வருவோம். இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க இடம் கிடையாது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, வெயில் தகரக் கூரையில் இறங்க ஆரம்பித்ததும், பம்பாயில் இருக்கிற தமிழ் ஜனம் மொத்தமும் ஊருக்குக் கிளம்பும். கிளம்புகிற அத்தனை பேருக்கும் பேக் வேண்டும். பெரிய பேக், நல்ல பேக், பத்து வருஷம் உழைக்கிற பேக், சும்மா தூக்கிக் கொடுக்கிற மாதிரி ஒரு விலையில். நீங்களும் என்னைப் போல கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அல்லல்படுகிறவர் என்றால் நான் விளக்க வேண்டியதே இல்லை. அந்தப் பக்கம் நின்று பேரம் பேசுகிறவர் என்றால், உங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள்.

இந்த வருஷம் எனக்கும் ஒரு சங்கடம். வள்ளியூர்ப் பக்கம் என் தங்கச்சி தங்கம் இருக்கிறாள். அவளுடைய மூத்த மகள் கல்யாணம் முன்பு ஒரு சித்திரையில் வந்தது, நான் போகவில்லை. பிறகு அவள் பேரனுக்குக் காது குத்து, அது ஒரு வைகாசியில், போகவில்லை. ஊரில் நல்ல காரியம் எல்லாம் கோடையில்தான் வைக்கிறார்கள், எனக்குச் சீசனும் அப்போதுதான் வருகிறது, நான் என்ன செய்வேன்? காது குத்துக்கு அப்புறம் தங்கம் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இப்போது இளையவளுக்குக் கல்யாணம், இந்த வைகாசியில். போனில் அவள் வீட்டுக்காரர்தான் அழைத்தார். பக்கத்தில் இருந்து அவள் குரல் எனக்குக் கேட்க வேண்டும் என்றே கேட்டது: "பேக்குக்காரிக்கு ஒரு வார்த்த சொல்லியாச்சுல்லா, போன வைங்க. இந்தத் தடவையும் வரலேன்னா, எனக்கு அக்கானு ஒருத்தி பொறக்கவே இல்லைன்னு நெனச்சுக்கிடுதேன்."

நம்ம ஊர்ப் பேக்கு

வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் கையில் கடையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். கல்யாணத்துக்கு டிக்கெட் எடுக்க ஒரே ஒரு காலை நேரம் சயான் பக்கம் போய் ரிசர்வேஷன் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் எங்கள் கடையில் பேக் வாங்கியவர்களாகவே இருந்தார்கள். அவர்களுக்கு சீட் கிடைத்தது, எனக்கு வெயிட்டிங் லிஸ்ட் கிடைத்தது.

திரும்பி வந்து பார்த்தால் முன்னால் தொங்கிய பெரிய டிராலி பேக்கைக் காணோம். அதன் பக்கத்தில் தொங்கிய சின்னதையும் காணோம். வீட்டுக்காரர் முகத்தில் பெண் வீட்டார் சிரிப்பு. எவ்வளவுக்குப் போனது என்று கேட்டேன். நாங்கள் வாங்கின விலையைச் சொன்னார். சின்னது? அதைச் சும்மா சேர்த்துக் கொடுத்தாராம். வந்தவர் நாங்களும் உங்க பக்கம்தான் என்று சொன்னாராம். எந்தப் பக்கம் என்று கேட்டீர்களா என்றேன். கேட்டாராம், ஆம்பூராம். ஆம்பூர் எங்கே கிடக்கிறது, வள்ளியூர் எங்கே கிடக்கிறது? பம்பாயில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே திசைதான் என்று எனக்கு விளக்கம் வேறு. தோல் பதனிடுகிற ஊர்க்காரனுக்கே பேக்கைச் சும்மா கொடுத்த ஒரே மனிதர், ஆசியாக் கண்டத்திலேயே என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததும் என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னார்: "ஊருக்குப் போற பேக்குதானட்டி, அதுல போயா லாபம் வைக்கணும்?"

கடைசி மூன்று நாள்

கடை வாசலில் ஒரு போர்டு வைப்போம். 'சம்மர் சேல், பாதி விலை, கடைசி மூன்று நாள்.' தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி வாங்கியது. ஹோலி முடிந்ததும் வெளியே வரும், முதல் மழைக்கு உள்ளே போகும். அடுத்த ஹோலிக்கு மறுபடி கடைசி மூன்று நாள். பெயிண்டருக்கு நல்ல கூலி கொடுத்து எழுதியதை அழித்து எழுத எனக்கு மனசு வருமா? பாதி விலை என்பதிலும் பொய் இல்லை. முதலில் இரண்டு மடங்கு சொல்லி, பிறகு நேர்மையாகப் பாதியாக்கிவிடுகிறோம். வருகிறவருக்கும் அது தெரியும். அவர் பாதியில் பாதி கேட்பார். நான் நெஞ்சில் கை வைப்பேன். அவர் போகிற மாதிரி நாலடி நடப்பார். நான் கூப்பிடுவேன். இவ்வளவு நடிப்புக்கும் அரங்கில் டிக்கெட் வாங்குவார்கள், இங்கே இலவசம்.

மாட்டுங்காவில் இருந்து ஒரு பேங்க் சார் வருஷா வருஷம் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை. சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார், கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார், ஜிப்பைத் திறந்து மூடுவார், விலை கேட்பார், "இன்னும் இறங்கட்டும்" என்று போய்விடுவார். ஷேர் மார்க்கெட் மாதிரி என் கடையைக் கவனித்து வந்தார். இந்த வருஷம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே வந்து ஒரு நீல பேக்கை எடுத்தார். என்ன சார், விலை இறங்கிவிட்டதா என்றேன். போர்டை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "இந்த மூணு நாள் முடியறதுக்குள்ள நான் ரிடையரே ஆயிட்டேனேம்மா!"

நாலு சட்டை

எம்பிராய்டரி பட்டறையில் வேலை பார்க்கிற ஒரு அண்ணாச்சி சம்சாரத்தோடு வந்தார். பேக் வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு வருவது வழக்கம். இவர்கள் இரண்டு கோணி நிறைய சாமானைத் தூக்கி வந்து என் கடை வாசலில் கொட்டினார்கள். எல்லாம் சேலில் பிடித்த சாமான். மாமியாருக்கு ஒரு மிக்ஸி, நாத்தனார்களுக்கு நைட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகப் போகிற பிளாஸ்டிக் டப்பா, மூன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று கிடைத்த பெட்ஷீட், யார் காலுக்கு என்று முடிவாகாத செருப்புகள். "இதெல்லாம் அடங்குதானு பாத்துட்டுத்தான் ரூவா தருவேன்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டாள். அடுக்கினாள், எடுத்தாள், மறுபடி அடுக்கினாள். கடைசியில் அண்ணாச்சி பேக் மேல் முட்டி போட்டார், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன், தெருவில் பாவ் ரொட்டி விற்றுக்கொண்டு போன பாவ்வாலா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து ஒரு பக்கம் அமுக்கினான். ஜிப் சுற்றி வந்து மூடியது. ஜிப்புக்கு நான் கேரண்டி என்று சொன்னேன். யாருக்குப் பேக் விற்றாலும் அதைச் சொல்லித்தான் கொடுப்பேன்.

அப்போதுதான் அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார், "என் துணி?" மேல் கொக்கியில் அடுத்த அளவு பேக் தொங்கியது. அதற்கு விலை கூட. அந்த அம்மா பெரிய பேக்கைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், இரண்டில் எது தனக்கு முக்கியம் என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "நாலு சட்டையையும் ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுட்டு வாங்க, ரயில்ல ரெண்டு நாள்தான!"

உறவுமுறை விலை

விலை குறைக்க எத்தனையோ வழி உண்டு. எல்லாவற்றிலும் வலுவானது உறவு. செம்பூரில் இருந்து ஒரு காலேஜ் பெண் வந்தாள். தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் தமிழ் முடிந்து ஹிந்தி எங்கே தொடங்கும் என்று அவளுக்கே தெரியாது. வரும்போது "ஆன்ட்டி, யே பேக் எவ்ளோ?" என்றாள். சொன்னேன். "க்யா அக்கா நீங்க, கம் கரோ நா" என்றாள். அக்காவுக்குக் கொஞ்சம் குறைத்தேன். "மௌசி, ஸ்டூடண்ட் நான்" என்றாள். சித்திக்கும் கொஞ்சம் குறைத்தேன். அடுத்து "அம்மா, ப்ளீஸ்மா" என்றாள். இன்னும் விட்டிருந்தால் மடியிலேயே படுத்திருப்பாள், பேக்குக்கு மேல் சீர் வேறு செய்ய வேண்டி வந்திருக்கும்.

அதோடு நிறுத்தினேன். அவள் போனை எடுத்தாள். இதே பேக் போனில் இன்னும் குறைச்சலாம். அப்படியானால் போனிலேயே வாங்கு தாயி என்றேன். வாங்கிவிட்டாள்! என் கடை வாசலில் நின்று, என் பேக்கை உருட்டிப் பார்த்து, தோளில் மாட்டிப் போட்டோ பிடித்து, என் ஃபேன் காற்றில் நின்றுகொண்டே போனில் ஆர்டர் போட்டாள். நான் தண்ணீர் வேறு கொடுத்தேன், வெயில் பாருங்கள். பிறகு அவள் முகம் வாடியது. போன் பேக் வந்து சேர ஒரு வாரம் ஆகுமாம், அவளுக்கு ரயில் நாளைக்கு. கொஞ்சம் யோசித்தாள், மறுபடி பழைய உறவுக்கே திரும்பினாள். "ஆன்ட்டி, அது வர்ற வரைக்கும் இதை ரென்ட்டுக்குத் தருவீங்களா?"

விஷுவுக்குப் போய் வந்த பேக்

அந்தப் பெண்ணாவது வாடகை என்று வாயால் கேட்டாள். கேட்காமலே வாடகைக்கு எடுக்கிறவர்கள் உண்டு. பேக்கை வாங்குவார்கள், ஊருக்குப் போவார்கள், கல்யாணம், கோயில், குலதெய்வம் எல்லாம் பார்ப்பார்கள், திரும்பி வந்ததும் "சரியில்லை" என்று என் தலையில் கட்டிவிட்டுப் பணத்தைக் கேட்பார்கள். பேக் எந்த ஊருக்குப் போய் வந்தது என்று, அது உள்ளே கொண்டுவருகிற மண்ணை வைத்தே சொல்லிவிடுவேன்.

திலக் நகரில் இருந்து ஒரு மாமி. பாலக்காட்டுக்காரர். விஷுப் பண்டிகைக்கு ஊருக்குப் போக ஒரு கத்தரிப்பூ கலர் பேக் வாங்கினார். அதற்கே மூன்று தடவை வந்து பேரம். சித்திரை பாதியில் அதே பேக்கோடு வந்து நிற்கிறார், ஜிப் சரியில்லையாம். திறந்தேன். உள்ளே ஒரு நேந்திரங்காய் வறுவல், காய்ந்த கொன்றைப் பூ, லைனிங் முழுக்கக் கடுமாங்காய் ஊறுகாய் வாசனை. பேக் விஷுக்கனி கண்டு, கைநீட்டக் காசும் வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறது போல மாமி என்றேன். ஜிப்பை இழுத்தேன். ஓடியது. மறுபடி இழுத்தேன், ஆர்மோனியம் மாதிரி போய் வந்தது. பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். எல்லார் கைக்கும் ஓடியது. இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கிறேன் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். மாமி முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, வேறு ஒரு பேக்கை எடுத்து மாமி கையில் கொடுத்துவிட்டார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தரிப்பூ பேக் உள் சுவரில் மேல் கொக்கிக்குப் போனது. மாமி படியிறங்கினார், நின்றார், திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க கடையில வெச்சு இது பரம சாதுவாத்தான் இருக்கும், கேட்டேளா. ஷொரனூர் ஸ்டேஷன்ல, நாலு பேர் பார்க்கச்சேதான் வாயைத் திறக்கும்."

பேக்குக்கும் வெயிட்டிங் லிஸ்ட்

கோடையில் ரயில் டிக்கெட் உறுதியாவது கடைசி நாள்தான். அது வரைக்கும் நம் ஜனம் பேக் வாங்காது. டிக்கெட் வராமல் பேக் மட்டும் வீட்டில் இருந்தால் அதைப் பார்க்கிறபோதெல்லாம் வயிறு எரியும் இல்லையா? அதனால் ஒரு புது வழக்கம் கண்டுபிடித்தார்கள். பேக்கைத் தேர்ந்தெடுத்து, விலை பேசி முடித்து, "கன்ஃபார்ம் ஆனா எடுத்துக்கிடுதேன்" என்று என் கடையிலேயே மாட்டிவிட்டுப் போவது. முன்னால் தொங்குகிற நல்ல பேக் எல்லாவற்றுக்கும் பேர் எழுதிச் சீட்டு குத்தியாகிவிட்டது. செல்வராஜ், பிளம்பர். பாத்திமா, பதினாலாம் நம்பர் சந்து. கடை நிறைய சரக்கு, விற்க ஒன்று இல்லை. செல்வராஜுக்கு டிக்கெட் வரவில்லை என்றால் அதே பேக் பாத்திமாவுக்கு. அதற்கும் அடுத்து ஒருத்தர் காத்திருந்தார். நான் பேக் விற்கிறேனா, ரயில்வேயில் வேலை பார்க்கிறேனா என்று எனக்கே குழப்பம்.

வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார், "ஒனக்கு ஒண்ணு எடுத்து வைக்கலியாட்டி?" என் டிக்கெட்டே இன்னும் வெளியே நிற்கிறது, எனக்கு எதற்கு என்றேன். சொல்லும்போது தங்கம் போனில் சொன்னது காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பையன் வந்தான், கொத்தனார் வேலைக்காரன், நாங்குநேரிக்காரன். பச்சை பேக்கைத் தொட்டான். அதற்கு ஆள் இருக்கிறது என்றேன். சிவப்பு? அதற்கும் ஆள் இருக்கிறது. கறுப்பு? அதற்கு இரண்டு ஆள். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "யக்கா, ரயில்ல எனக்கு வெயிட்டிங் இருவது, ஒங்க பேக்குல எத்தன?"

நானும் ஒரு கிராக்கி

டிக்கெட் வருமோ வராதோ, கல்யாணப் பெண்ணுக்குச் சேலை எடுக்காமல் இருக்க முடியுமா? மாட்டுங்காவில் ஒரு சேலைக் கடையில் சம்மர் சேல் போட்டிருந்தார்கள். வாசலில் போர்டு, 'கடைசி மூன்று நாள்.' பார்த்ததும் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது, சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தேன்.

உள்ளே போனதும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. என் கிராக்கிகள் அத்தனை பேரும் எனக்குள் ஏறிக்கொண்டார்கள். சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சரிகையைச் சுரண்டினேன், முந்தானையை முகர்ந்தேன். விற்கிறவரை முதலில் "சார்" என்றேன், பிறகு "தம்பி" என்றேன், பிறகு "ராசா" என்றேன். நாலடி நடந்து வாசல் வரைக்கும் போனேன். அவர் கூப்பிடவில்லை. நானே செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். மாம்பழக் கலரில் ஒரு பட்டு, தங்கச்சி மகள் நிறத்துக்குத் தூக்கும். விலை பேசி முடித்ததும் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். டிக்கெட் கன்ஃபார்ம் ஆகவில்லை என்றால் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க, உங்க கடை எங்க இருக்கு?"

திருநெல்வேலி ஜங்ஷன்

டிக்கெட் கடைசி நாள் மத்தியானம் உறுதியானது. நான் கும்பிட்ட சாமியெல்லாம் எனக்காக ஒரு ஆளைப் பயணம் போகவிடாமல் தடுத்திருக்கும், அந்தப் பாவத்தை அவையே பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் கடையைத் திரும்பிப் பார்த்தால் முன் கொக்கியெல்லாம் காலி. சீசன் முடிகிற நேரம். சீட்டு குத்தியவர்கள் எல்லாம் பேக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதியை வீட்டுக்காரர் யாரோ சொந்தக்காரர்களுக்கு விற்றுவிட்டார். பேக்குக் கடைக்காரிக்குப் பேக் இல்லை. உள் சுவர்க் கொக்கியில் மட்டும் மாமியின் கத்தரிப்பூ பேக் என்னைப் பார்த்துத் தொங்கியது. எடுத்தேன். ஜிப்பை இழுத்தேன். சாதுவாக ஓடியது. நான்தான் கேரண்டி கொடுத்தவளாயிற்றே, எனக்கு என்ன பயம்? சேலை, காப்பிப் பொடி, எல்லோருக்கும் நைட்டி, துண்டு. அடைத்து மூடுவதற்குள் வீட்டுக்காரர் கடையில் மிஞ்சிய சின்னச் சின்ன பர்ஸ்களை எல்லாம் அள்ளி உள்ளே திணித்தார், ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று. கடையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னார்: "போர்டுலதான் மூணு நாள்னு போட்டிருக்குல்லா, நாலாம் நாளு சாத்திட்டு நானும் கல்யாணத்துக்கு வந்துருதேன்."

திருநெல்வேலியில் இறங்கினேன். தங்கம் வந்திருந்தாள். என்னை அழைக்க வந்தாளா, நான் நிஜமாகவே வந்திருக்கிறேனா என்று பார்க்க வந்தாளா, தெரியவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் ரயிலே இல்லையோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் நரை கூடியிருந்தது. நான் "தங்கம்" என்றேன். திரும்பவில்லை. அவள் வீட்டுக்காரர் ஓடி வந்து "வாங்க மயினி, வாங்க" என்று பேக்கைக் கையில் வாங்கித் தூக்கினார். பரபரவென்று ஒரு சத்தம். ஜிப் ஒரு முனையில் இருந்து மறு முனை வரைக்கும் வாயைத் திறந்துவிட்டது. நைட்டிகள் ஒரு பக்கம், காப்பிப் பொடி ஒரு பக்கம், பர்ஸ்கள் பிளாட்பாரம் நெடுக, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக உருண்டு கிடந்தன. நான் மாம்பழக் கலர் சேலையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஜனம் விலகி விலகிப் போனது. ஒரு அம்மா மட்டும் குனிந்து, ஒரு பச்சைப் பர்ஸை எடுத்துத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டாள், "இது என்ன வெல?"

தூணுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று திரும்பினேன். தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், உடம்பு குலுங்கியது. கையை எடுத்ததும் சிரிப்பு பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. வந்தாள், என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், அந்த அம்மா கையில் இருந்த பர்ஸைப் பிடுங்கினாள், மற்றதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் முந்தானையில் போட்டாள். போட்டுக்கொண்டே, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து முதல் வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "யக்கா, வண்டிய விட்டு எறங்கி ஒரு வாய்த் தண்ணி குடிக்கல, அதுக்குள்ள கடையப் பரப்பிட்டியே, ஒஞ் சீசன் ஒன்னைய ஒரு கல்யாணத்துக்காவது விடாதா?"

ஊருக்குப் போன அத்தனை பேருக்கும் பாதி விலையில் பேக் கொடுத்து அனுப்பிய இந்தக் கோடையில், எனக்கு என்று லாபமாகக் கிடைத்தது கெட்டுப்போன ஒரு ஜிப்தான், அதையும் மாமியைப் பொய்க்காரி என்று ஊர் கூட்டிச் சொல்லித்தான் வாங்கி வைத்திருக்கிறேன்.